ஆவிச்செறிவு: சொல்லும் பொருளும்

உலர்ந்த மூலிகையை எரிக்காமல் சூடாக்கி, அதன் ஆவியை உள்ளிழுக்க உதவும் கையடக்கக் கருவிகளான உலர்மூலிகை வேப்பரைசர்களைப் பயன்படுத்துவோர் 'வேப்பர் டென்சிட்டி' என்று சொல்வது, ஒருமுறை உள்ளிழுக்கும் காற்றில் மூலிகையின் எளிதில் ஆவியாகும் பொருள்கள் எவ்வளவு நிறைந்திருக்கின்றன என்பதையே குறிக்கிறது. இதனை 'ஆவி அடர்த்தி' என்று எழுதிவிடத் தோன்றும். ஆயினும் அத்தொடர் வேதியியலில் வேறொரு பொருளுக்கு உரியதாகிவிட்டது. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள ஹைட்ரஜனைவிட ஒரு வாயு எத்தனை மடங்கு நிறையுடையது என்பதே அங்கு ஆவி அடர்த்தி. அதன் இருமடங்கு அப்பொருளின் மூலக்கூறு நிறை. அது பொருளின் இயல்பைச் சார்ந்த எண் என்பதால், கருவியைத் திருத்தி அதைக் கூட்ட இயலாது. கூட்டக்கூடியது செறிவு மட்டுமே. ஆகவே 'ஆவிச்செறிவு' என்பதே இவ்விடத்திற்குப் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

'வேப்பர்' இலத்தீன் மொழிச் சொல். நீராவி, வெம்மை ஆகிய இரண்டையும் அம்மொழியில் உணர்த்திய அது, பழைய பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தை அடைந்தது. தமிழில் 'ஆவி' உயிரையும் மூச்சையும் நீராவியையும் ஒருங்கே குறிப்பது; 'ஆவித்தல்' என்றால் வாய்திறந்து மூச்சு விடுதல், 'கொட்டாவி'யிலும் அந்த ஆவியே நிற்கிறது. மூச்சோடு சேர்ந்து உள்ளே செல்லும் ஒன்றுக்கு இதனினும் இயல்பான சொல் வேண்டியதில்லை.

இயற்பியலில் ஆவிக்கும் வாயுவுக்கும் இடையே கோடு கிழிக்க உதவியது, வேதியியலாளர் தாமஸ் ஆண்ட்ரூஸ் 1869-இல் விளக்கிய மாறுநிலை வெப்பநிலை; அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் வாயு நீர்மமாகாது. அதற்குக் கீழே, அழுத்தம் ஒன்றினாலேயே நீர்மமாக்கக்கூடிய நிலையில் இருப்பது ஆவி. பெரும்பாலும் அது கண்ணுக்குத் தெரியாது; ஊதும்போது வெண்மையாகத் தெரிவது, ஆவி குளிர்ந்து திரண்டு காற்றில் மிதக்கும் நுண்துளிகளால் ஆன ஏரோசால். ஆதலால் வெண்மையை மட்டும் கண்டு செறிவை அளப்பது பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

செறிவை முடிவு செய்வதில் வெப்பநிலைக்கே முதலிடம். யூகலிப்டஸ் இலையிலுள்ள சினியோல் ஏறத்தாழ 176 பாகை செல்சியஸிலும், தைம் மூலிகையின் தைமால் ஏறத்தாழ 232 பாகையிலும் கொதிக்கின்றன; கொதிநிலைக்குக் கீழேயும் ஆவியாதல் நிகழும், எனினும் வெப்பநிலை உயர உயர ஆவியழுத்தம் விரைந்து கூடுகிறது. அடுத்தது, இழுக்கும் வேகம். விரைந்து இழுத்தால் குளிர்ந்த காற்று மிகுதியாகப் புகுந்து மூலிகையின் சூட்டைத் தணிப்பதோடு வெளிவந்த ஆவியையும் நீர்க்கச் செய்கிறது. முன்கூட்டியே சூடேற விட்டு மெல்ல இழுத்தால் இவ்விரு இழப்பும் குறையும். மூலிகை நன்கு உலர்ந்து, சீராகப் பொடிந்திருந்தால் மேற்பரப்பு கூடும். மாவாக அரைத்தாலோ கருவியின் வலைச்சல்லடை அடைபட்டுக் காற்றோட்டம் தடைப்படும்.

கருவிக்கு 'ஆவியாக்கி' என்ற பெயர் போதும். குளிர்சாதனப் பெட்டியில் வெப்பத்தை ஈர்க்கும் எவாப்பரேட்டர் என்னும் பகுதியையும் அவ்வாறே எழுதுவதால், குழப்பம் நேரக்கூடிய இடத்தில் 'உலர்மூலிகை ஆவியாக்கி' என விரித்து எழுதலாம். 'புகைக்கருவி' என்பது மட்டும் கூடாது. புகை எரிதலின் விளைவு; செறிவைக் கூட்டும் ஆவலில் சூட்டை அளவுமீறி ஏற்றினால் மூலிகை கருகி, கார்பன் மோனாக்சைடும் பென்சீனும் வெளிப்படும்.