பெருந்தமனிக்குள் ஒரு செம்பு அணு

செப்புக் குடத்தில் இரவு முழுவதும் வைத்த தண்ணீரைக் குடித்தால் இதய அடைப்பு கரையுமா என்று திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கரையாது. குடத்தில் சில கிருமிகள் சாகும், துளியளவு செம்பும் கலக்கும், அவ்வளவுதான். ஆனால் செம்புக்கும் இதயத்துக்கும் மெய்யாகவே ஓர் உறவு உண்டு. வாட்ஸ்அப் வைத்தியர்கள் அதைத்தான் சொல்வதில்லை.

செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் எடுக்கும் கடைசிப் படியில் செம்பு வேண்டும். இது பள்ளிப் பாடம், தாண்டிவிடுவோம். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக் குழாயான பெருந்தமனிக்கு வருவோம்.

இதயம் சுருங்கி இரத்தத்தை வெளியேற்றும்போது பெருந்தமனி விரிந்து கொடுக்கிறது. இதயம் தளரும் வேளையில் அது தானே சுருங்கி, வாங்கிய இரத்தத்தை முன்னே தள்ளுகிறது. இதயத் தசைக்கு உரிய இரத்தமும் பெரும்பாலும் அந்தத் தளர்வு நேரத்தில்தான் பாய்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை இப்படி விரிந்து சுருங்க வைப்பது எலாஸ்டின் என்னும் புரதம்.

செல்லிலிருந்து வெளிவரும்போது எலாஸ்டின் தனித்தனி இழைதான், இழுத்தால் மீளாது. ரப்பர் பாலுக்குக் கந்தகம் செய்வதை இதற்கு யாராவது செய்ய வேண்டும்: இழைகளுக்குக் குறுக்கே பிணைப்புப் போட வேண்டும். அந்த வேலைக்காரன் லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி. அதன் நடுவே ஒரு செம்பு அணு. அது இல்லையென்றால் நொதி வெறும் புரத உருண்டை.

நொதி செய்வது மிகச் சிறிய காரியம். இழையிலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் நுனியில் இருக்கும் அமைன் தொகுதியை, ஆக்சிஜனின் துணையோடு கழற்றிவிட்டு, அங்கே வினைபுரியத் துடிக்கும் ஆல்டிஹைடு ஒன்றை விட்டுச் செல்கிறது. பிறகு அது ஒதுங்கிக்கொள்ளும்! மாறிய லைசின்கள் மூன்றும் மாறாத லைசின் ஒன்றும் பக்கத்தில் வந்தால், யாரும் சொல்லாமலே கைகோத்து ஒரே வளையமாகிவிடுகின்றன. டெஸ்மோசின் என்று பெயர். இழைகளைக் கட்டிப்போடுவது இந்த வளையம்தான். நம் எலாஸ்டினில் பெரும்பகுதி கருவிலும் சிறுவயதிலும் உருவானது. எழுபது வயதுக்காரரின் தமனியில் அன்று போட்ட வளையங்கள் இன்றும் உழைக்கின்றன. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

1961-இல் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில், செம்பு குறைந்த தீனி தின்ற கோழிக்குஞ்சுகள் பெருந்தமனி வெடித்துச் செத்தன. மனித இதயத்துக்கான பாடம் கோழித் தீனி ஆய்விலிருந்து வந்தது. இன்று அப்படியொரு ஆய்வுக்குப் பணம் கேட்டால், ‘இதனால் என்ன பயன்’ என்று கேட்டே கோப்பை மூடிவிடுவார்கள்.

அப்படியென்றால் செம்பை அள்ளிச் சாப்பிடலாமா? வேண்டாம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 0.9 மில்லிகிராம் போதும் என்கிறது அமெரிக்கப் பரிந்துரை. பண்ருட்டி முந்திரி 30 கிராமிலேயே அதில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்துவிடும். எள், கொண்டைக்கடலை, நண்டு எல்லாவற்றிலும் செம்பு உண்டு. செப்புப் பாத்திரத்தில் மோரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றி வைக்காதீர்கள். புளிப்பு செம்பை அளவு மீறிக் கரைக்கும்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. எதிர்ப்புச் சக்திக்கென்று அதிக அளவு துத்தநாக மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குபவர்களுக்கு, குடல் செம்பை உள்ளே விடாது. செம்பு குறைந்தால் இரத்தசோகையும் வரும். இரும்பு மாத்திரைக்கும் அசையாத இரத்தசோகை இருந்தால், துத்தநாகம் எடுப்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.