ஸ்கேனர் வாங்கும் முன்: பெங்களூரு மொட்டைமாடியில் எது கேட்கும், எது கேட்காது

முருகேஷ்பாளையாவில் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதே, எச்ஏஎல் ஓடுதளத்தில் இறங்கும் விமானத்தை அண்ணாந்து பார்த்துப் பழகியிருப்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளை ஒருநாள் "பைலட் என்ன பேசுறாருன்னு நாமளும் கேட்கலாமாப்பா?" என்று ஆரம்பிக்கும். அன்று ராத்திரியே அப்பா இணையத்தில் ஒரு ஸ்கேனரை, அதாவது அலைவரிசைகளைத் தேடித் தேடிப் பேச்சைக் கேட்க வைக்கும் ரேடியோப் பெட்டியை, பார்த்து வைத்துவிடுவார். டெக்சாஸிலிருந்து விடுமுறைக்கு வரும் மைத்துனரிடம் "வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க" என்றும் சொல்லிவிடுவார்.

அங்கேதான் சிக்கல். அமெரிக்காவில் ஸ்கேனர் கடையில் கிடைக்கும் சாதாரணப் பொருள், இங்கே அப்படி இல்லை. உரிமம் இல்லாமல் கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், 42-ஆம் பிரிவில், பிறர் செய்தியைச் சட்டவிரோதமாக இடைமறிப்பவருக்கு 3 ஆண்டு வரை சிறையோ, 2 கோடி ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ என்கிறது. "நான் பேசலையே, சும்மா கேட்டேன்" என்பது இங்கே பதிலாகாது. மைத்துனர் பெட்டியில் கொண்டுவந்தால் சுங்கத்தில் அவர்தான் நிற்க வேண்டியிருக்கும்.

ஆகவே காவல்துறை, தீயணைப்புப் பேச்சைக் கேட்கும் ஆசையை முதலிலேயே விட்டுவிடுங்கள். சட்டத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும் கணக்கு உதைக்கும். யூனிடன் பிசி125ஏடி போன்ற அனலாக் ஸ்கேனர் டிஎம்ஆர், டெட்ரா, பி25 என்ற எந்த டிஜிட்டல் பேச்சையும் குரலாக்காது. கரகரவென்று ஒரு ரம்பச் சத்தம்தான் வரும். பி25-ஐக் குரலாக்கும் விலை கூடிய ஸ்கேனர்கள் அமெரிக்க நிலையங்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. பேச்சு சங்கேதமாகப் பூட்டப்பட்டிருந்தால், எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய பெட்டியானாலும் சாவியில்லாமல் திறக்காது.

நேர்வழி எது? 12 வயது நிறைந்தவர் யாரும் அமெச்சூர் வானொலித் தேர்வு எழுதலாம்; இப்படிப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்களைத்தான் ஹாம் என்பார்கள். உரிமம் தருவது தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு; விண்ணப்பம் சரள் சஞ்சார் தளத்தில். கட்டுப்பாட்டு நிலை (ரெஸ்ட்ரிக்டட் கிரேடு) தேர்வுக்கு மோர்ஸ் குறியீடு தேவையில்லை. உரிமம் வந்தபின் 144–146, 434–438 மெகாஹெர்ட்ஸ் உங்களுடையவை. பேரிடரில் அலைபேசி செத்துப்போகும்போது ஹாம்கள் செய்தி கடத்துவது இவற்றிலும் சிற்றலையிலும்தான். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரிலிருந்து செய்தி வந்ததும் அப்படித்தான். அவசரத் தகவல் தொடர்பில் உண்மையான ஆர்வம் இருப்பவருக்கு இதைவிட நல்ல கதவு இல்லை. விண்வெளி நிலையம் தலைக்கு மேல் வரும்போது 145.800-ல் சில நாள் குரலோ படமோ வரும். ஆனால் ஹாம் உரிமம் காவல்துறைப் பேச்சுக்கோ விமானப் பேச்சுக்கோ அனுமதிச்சீட்டு அல்ல.

இனி விமான அலைவரிசை. அனுமதி உள்ள விமானப் பயிற்சி மாணவரும், தடையில்லாத நாட்டில் இருக்கும் உறவினரும்கூடத் தவறான பெட்டியை வாங்கிவிடுவது இதைக் கேட்கத்தான். குரல் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, முழுக்க ஏஎம். எஃப்எம்மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவானவர் மற்றவரை விழுங்கிவிடுவார்; ஏஎம்மில் கீச்சென்று சத்தம் வரும், இன்னொருவரும் பேசினார் என்று கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்துவிடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பௌஃபெங் யூவி-5ஆர் வாக்கிடாக்கி வாங்குகிறவர்களுக்கு இதனால்தான் ஏமாற்றம்: அது 136-க்கு மேல், அதுவும் எஃப்எம் மட்டும். போதாக்குறைக்கு அதில் பேசும் பட்டன் இருக்கிறது. வீட்டில் பிள்ளை இருக்கும்போது அந்தப் பட்டன் இருக்கவே கூடாது. 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையக் கடைகளின் வாக்கிடாக்கி விற்பனைக்கே தனி வழிகாட்டுதல் போட வேண்டி வந்தது.

"விமானி பேசுறது கேட்குது, டவர் கேட்கலை, பெட்டி பழுதா?" இது அடிக்கடி வரும் கேள்வி. பழுது இல்லை. இந்த அலை பெரும்பாலும் பார்வைக் கோட்டில்தான் போகும். மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டரில் என்று வரும். 10,000 மீட்டரில் பறக்கும் விமானத்துக்கு அது 412 கிலோமீட்டர். 10 மீட்டர் மாடிக்கு 13. தேவனஹள்ளி விமான நிலைய டவர் அல்சூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, நடுவே கட்டடங்கள்.

இன்னொன்று, 124.3-ல் விமானத்துக்குப் பதில் சினிமாப் பாட்டு வருவது. பல பெட்டிகள் வரும் அலையை உள்ளே ஓர் இடைநிலை அலைவரிசைக்கு மாற்றிக்கொள்ளும்; அது 10.7 மெகாஹெர்ட்ஸ். அதன் இரு மடங்கு 21.4; அந்த அளவு தள்ளியிருக்கும் நிலையமும் உள்ளே நுழைந்துவிடும். பெங்களூரு விவித் பாரதி 102.9, அதோடு 21.4 சேர்த்துப் பாருங்கள், சரியாக 124.3. உள்ளூர் எஃப்எம்மின் நிழல் அங்கே வந்து விழுகிறது. ஆன்டெனாவுக்கும் பெட்டிக்கும் நடுவே 88–108-ஐத் தடுக்கும் ஃபில்டர் போட்டால் அடங்கும். பெரிய ஆன்டெனா போட்டால் பாட்டு இன்னும் பலமாகக் கேட்கும், அவ்வளவுதான்.

கூடவே வரும் குட்டை ரப்பர் ஆன்டெனா பெரும்பாலும் 150 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வேலை செய்யச் செய்தது. 127-க்குக் கால் அலை நீளம் சுமார் 56 சென்டிமீட்டர். அந்த நீளத்துக்கு இழுக்கக்கூடிய அடுக்குக் கம்பி ஆன்டெனாவைச் செங்குத்தாக நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும். இரைச்சல் கிளப்பும் எல்இடி பல்பையும் மலிவு சார்ஜரையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள். பேச்சில்லாதபோது இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் திருகை, இரைச்சல் நிற்கும் இடத்துக்கு ஒரு மயிரிழை மேலே வைத்தால் போதும். அதிகம் திருகினால் தூரத்து விமானம் வாயே திறக்காது.

பிள்ளைக்கு விமானம்தான் வேண்டும், பேச்சு முக்கியமில்லை என்றால், என் வாக்கு கணினியில் செருகும் குட்டி ரிசீவரான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளுக்கு. விமானங்கள் தம் உயரம், வேகம், இருப்பிடத்தை 1090 மெகாஹெர்ட்ஸில் தாமே அறிவித்துக்கொண்டே போகும். கணினித் திரையில் அவை நகர்வதைப் பார்க்கலாம். யாருடைய உரையாடலும் அதில் இல்லை. ஆனாலும் டாங்கிளும் ரிசீவர்தான், அனுமதி பற்றி டபிள்யூபிசி பிரிவிடம் கேட்டுவிட்டே இறங்குங்கள். இதற்கு ஆன்டெனா 69 மில்லிமீட்டர் கம்பி, சட்டைப்பையில் அடங்கும். மாடியிலிருந்து 10 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் இழுத்தால் அந்த அலைவரிசையில் ஏறத்தாழ 6 டெசிபல், அதாவது சிக்னலில் நான்கில் மூன்று பங்கு, வழியிலேயே போய்விடும். டாங்கிளை ஆன்டெனா அடியிலேயே டப்பாவில் வைத்து, கீழே யூஎஸ்பி கேபிளை இறக்குங்கள். ஏப்ரல், மே மாத மாலைகளில் வானம் கறுத்தால் இடி இறங்கும் வரை காத்திருக்காமல் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.