ஒரு குப்பைத்தொட்டி, இரு டெஸ்க்டாப்புகள்

திருவையாற்றில் எங்கள் வாய்க்காலின் முறைப்பாசனக் கணக்கை எழுதிவைக்கும் பெரியவர் ஒருவரின் வீட்டுக் கணினியில் லினக்ஸ் இயங்குதளம் இருக்கிறது. பெரியவருக்குக் குனோம் டெஸ்க்டாப் பழகிவிட்டது. மகனுக்குக் கேடிஇ பிடிக்கும். ஒரே பயனர் கணக்கில் நுழைந்து, இருவரும் தத்தமக்கு வேண்டிய டெஸ்க்டாப்பைத் தேர்ந்துகொள்கிறார்கள். சென்ற மாதம் ‘கொள்ளிடம்’ என்று பெயரிட்ட கணக்குக் கோப்பைப் பெரியவர் குனோமில் தவறுதலாக அழித்துவிட, மாலையில் வந்த மகன் கேடிஇயின் குப்பைத்தொட்டியைத் திறந்து அதை இருந்த இடத்திலேயே மீட்டுவைத்தார். குனோம் பெரும்பாலும் சி மொழியில், சாளரங்களையும் பொத்தான்களையும் வரைந்து தரும் ஜிடிகே கருவித்தொகுதியின் மேல் எழுதப்பட்டது. கேடிஇ சி++ மொழியில், க்யூட்டி என்ற வேறொரு கருவித்தொகுதியின் மேல் எழுதப்பட்டது. எழுதியவர்களும் வெவ்வேறு குழுவினர். அப்படியிருக்க, ஒன்று போட்ட குப்பையை மற்றொன்று எப்படி எடுத்தது?

பயனரின் கோப்பகத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் ஓர் உறையில்தான் குப்பைத்தொட்டி இருக்கிறது. அதற்குள் இரண்டு அறைகள். அழித்த கோப்பு ஓர் அறைக்குப் போகும். அக்கோப்பு முன்பு எங்கே இருந்தது, எந்த நாளில் எத்தனை மணிக்கு அழிக்கப்பட்டது என்ற இரண்டு வரிகளைக் கொண்ட சிறு உரைக்கோப்பு மற்ற அறைக்குப் போகும். பழைய இடத்தைக் குறிக்கும் வரியில் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை அப்படியே எழுதாமல், ஒவ்வொரு பைட்டையும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு குறியீடுகளுமாக மாற்றி எழுத வேண்டும் என்பது விதி. ‘கொள்ளிடம்’ நமக்கு ஐந்து எழுத்து. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் ஒருங்குறியில் அது 9 எண்கள், அதாவது 9 குறியீட்டுப் புள்ளிகள். சேமிக்கும்போது 27 பைட்டுகள். குப்பைத்தொட்டியின் குறிப்பில் 81 எழுத்துகள் நீள்கிறது. கண்ணுக்கு அலங்கோலமாக இருந்தாலும், இதே விதியைப் படித்துத்தான் இரு குழுவினரும் தங்கள் நிரலை எழுதினார்கள். ஒருவர் நிரலின் ஒரு வரிகூட மற்றவரிடம் போக வேண்டியிருக்கவில்லை.

கேடிஇ 1996இலும் குனோம் 1997இலும் தொடங்கின. க்யூட்டியின் அன்றைய உரிமம் முழுமையாகச் சுதந்திரமானதாக இல்லை என்ற மனத்தாங்கலே குனோம் பிறந்ததற்கு முக்கியக் காரணம். ஆகவே இரண்டுக்கும் இடையில் தொடக்கத்தில் சுமுகம் இருந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. குனோம் பக்கம் இருந்த ஹேவக் பென்னிங்டன் 2000ஆம் ஆண்டு மார்ச்சில் ஃபிரீடெஸ்க்டாப் என்ற பொது இடத்தைத் தொடங்கினார். குப்பைத்தொட்டி விதி போன்றவை எழுதிவைக்கப்பட்டிருப்பது அங்கேதான். தான் முறையான தர நிர்ணய அமைப்பு அன்று என்று அவ்விடமே சொல்லிக்கொள்வது எனக்குப் பிடித்த அடக்கம். அங்கே ஒரு விதி எழுதப்படுவதால் அது செல்லுபடியாகிவிடுவதில்லை. டெஸ்க்டாப்புகள் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தால்தான் அதற்கு உயிர். ஒரு மென்பொருள் இரு டெஸ்க்டாப்புகளின் பட்டியிலும் தமிழ்ப் பெயரோடு தோன்றுவதும், ஒன்றின் அறிவிப்பு மற்றொன்றின் திரையில் வருவதும் இவ்வாறு எழுதப்பட்டவற்றால்தான். அந்த அறிவிப்பைச் சுமந்து செல்லும் டி-பஸ், இரு தரப்பும் அதுவரை வைத்திருந்த தனித்தனி வழிகளுக்கு மாற்றாக வந்தது, அதன் 1.0 பதிப்பு 2006இல் வெளியானது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயிலுக்கு அளக்க வேண்டிய நெல்லை ‘ஆடவல்லான் என்னும் மரக்காலால்’ அளக்கும்படி எழுதியிருக்கிறார்கள். அம்மரக்கால் இராசகேசரி என்னும் அளவோடு ஒக்கும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். எந்த ஊர்க் களத்தில் விளைந்தது, எந்த வகை நெல் என்பதில் மரக்காலுக்கு அக்கறை கிடையாது. குப்பைத்தொட்டி விதி அத்தகைய மரக்கால். நிரலையே பொதுவாக்கிக்கொள்வது இதனினும் நெருக்கமான உறவு. பலர் வயலுக்கும் ஒரே தலைமதகிலிருந்து நீர் பாய்வதைப் போன்றது.

அந்த உறவு ஏன் தேவைப்பட்டது என்பதற்குப் பிடிஎஃப் நல்ல சாட்சி. பிடிஎஃப் கோப்புகளைத் திறந்து காட்ட டெரிக் நூன்பர்க் எழுதிய எக்ஸ்பிடிஎஃப் என்ற நிரலை எடுத்துப் பல மென்பொருள்கள் தங்களுக்குள் பிரதி செய்துவைத்திருந்தன. மூலத்தில் ஒரு பாதுகாப்புக் குறை தெரியவந்தால், ஒவ்வொரு பிரதியையும் தேடித்தேடி அடைக்க வேண்டியிருந்தது. ஒன்று விட்டுப்போனாலும் ஓட்டை ஓட்டைதான். 2005இல் அந்நிரலிலிருந்து பாப்ளர் என்ற பொது நூலகம், அதாவது பல மென்பொருள்கள் அழைத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு, பிரிந்தது. குனோமின் எவின்ஸும் கேடிஇயின் ஒகுலரும் பிடிஎஃப் பக்கங்களை வரைய அதையே அழைக்கின்றன. நூலகத்தில் ஓரிடத்தில் அடைத்தால் இரண்டுக்கும் அடைபடும்.

தமிழருக்கு இதைவிட அருகில் இருப்பது, எழுத்துகளைத் திரைக்கு ஏற்ப வடிவமைத்துத் தரும் ஹார்ஃப்பஸ் என்ற நூலகம். ‘கொ’ என்பது கோப்பில் ககரமும் அதன்பின் ஒகரக் குறியுமாக இரண்டே புள்ளிகளாகக் கிடக்கிறது. திரையில் வரைய வேண்டுமானால் அக்குறியை ஒற்றைக் கொம்பாகவும் காலாகவும் பிளந்து, கொம்பை ககரத்துக்கு முன்னே நகர்த்தி, காலைப் பின்னே நிறுத்தி, பிறகு எழுத்துருவில் உள்ள வடிவங்களைப் பொருத்த வேண்டும். இந்தப் பிளத்தலும் நகர்த்தலும் எழுத்துருவுக்கு மட்டும் உரிய வேலையன்று; இடையில் ஒரு நிரல் செய்தாக வேண்டியது. எழுத்துருக்களைக் கையாளும் ஃபிரீடைப் திட்டத்தில் இருந்த இதற்கான நிரல், உரையை அமைக்கக் குனோம் பயன்படுத்தும் பாங்கோவுக்கும் க்யூட்டிக்கும் தனித்தனிப் பிரதிகளாகப் போய், வெவ்வேறு திசையில் வளர்ந்து, பின்னர் மீண்டும் ஒன்றாக்கப்பட்டது. அதைப் புதிதாகத் திருத்தி எழுதியவர் பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத்; ஹார்ஃப்பஸ் என்ற பெயர், ‘திறந்த எழுத்து’ என்று பொருள்படும் பாரசீகத் தொடரிலிருந்து வந்தது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிப்ரேஆபிஸ், ஆண்ட்ராய்டு ஆகியவையும் இன்று அதையே நம்பியிருக்கின்றன. யார் வேண்டுமானாலும் தங்கள் மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளலாம் என்னும் தளர்ந்த உரிமம் இல்லாவிட்டால் இவ்வளவு பேர் ஒரே மதகுக்கு வந்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

பொதுவில் பாயும் நீருக்குத் தொல்லைகளும் பொதுவே. ஹார்ஃப்பஸில் ஒரு பிழை புகுந்தால் அது கடைமடை வரை எல்லாத் திரைகளிலும் தெரியும். பாப்ளரை அதன் நிலையான வாயில்கள் வழியாக அழைப்பவர்களுக்கு அதிகத் தொல்லை இல்லை. அதன் உள்ளமைப்பை நேரடியாகத் தொட்டு எழுதியவர்களோ, பதிப்பு மாறும்போதெல்லாம் தங்கள் நிரலைத் திருத்தி மீண்டும் தொகுக்க வேண்டியிருக்கிறது.

பெரியவரின் தொட்டியில் அன்று இன்னொன்றும் கிடந்தது. ‘கொள்ளிடம்’ என்றே இரண்டு கோப்புகள், ஒரே உறையிலிருந்து வந்தவை. ஒன்று தமிழ்99 விசைப்பலகையில் தட்டிய பெயர்; மற்றொன்றின் பெயரை வேறெங்கிருந்தோ ஒட்டியிருந்தார்கள், அதில் ஒகரக் குறி கொம்பும் காலுமாக இரண்டு புள்ளிகளாக இருந்தது. ஒருங்குறி இரண்டையும் ஒன்றாகவே கருதச் சொல்கிறது; ஹார்ஃப்பஸும் இரண்டையும் ஒன்றுபோலவே வரைகிறது; லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமையோ பைட்டுகளை மட்டும் பார்ப்பதால் அவற்றை வேறு வேறாக வைத்திருந்தது. எது சரியான கணக்கு என்று தெரியாமல் மகன் குறிப்புக் கோப்புகளைத் திறந்து பார்த்தார். பின்னொட்டு நீங்கலாக ஒன்றில் பெயர் 81 எழுத்து, மற்றதில் 90.