டிசம்பர் 11: எட்டயபுரமும் நிலவும்

எட்டயபுரத்தில் 1882 டிசம்பர் 11-ல் பாரதி பிறந்தார். நடிகர் திலீப் குமார் பிறந்ததும் (1922), விஸ்வநாதன் ஆனந்த் பிறந்ததும் (1969) அதே டிசம்பர் 11. அப்பல்லோ 17 நிலவில் இறங்கியதும் (1972), எம்.எஸ். சுப்புலட்சுமி மறைந்ததும் (2004) அதே தேதிதான். கொஞ்சம் தெற்கே ஒட்டப்பிடாரத்துக்குப் போனால் இன்னொரு கூட்டம் இருக்கிறது. வ.உ.சி. பிறந்த செப்டம்பர் 5-ல்தான் ராதாகிருஷ்ணனும் ராக் பாடகர் ஃபிரெடி மெர்க்குரியும் பிறந்தார்கள். 1977-ல் வாயேஜர் 1 விண்கலம் கிளம்பியதும் அன்றுதான்.

இப்படி வரிசையாகப் படிக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. அந்த நாளிலேயே ஏதோ விசேஷம் இருப்பதாகத் தோன்றுகிறது. உண்மையில் வேலை செய்வது எண்ணிக்கை. ஆண்டில் 366 தேதிகளுக்கு மேல் கிடையாது. உலகம் நினைவில் வைத்திருக்கும் பிறப்பு, இறப்பு, சாதனை, விபத்து எல்லாம் சேர்த்து 10,000 என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு தேதிக்குச் சராசரியாக 27 வந்து விழும். அதில் நமக்குப் பிடித்த நாலைந்து இல்லாமல் போனால்தான் ஆச்சரியம்.

சிறு கூட்டத்திலும் இது நடக்கும். பாளையங்கோட்டையில் 40 பிள்ளைகள் படிக்கும் ஒரு வகுப்பில் யாராவது இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் வர 89 சதவீத வாய்ப்பு உண்டு. 23 பேர் இருந்தாலே பாதிக்குப் பாதி. காரணம், 23 பேரை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 253 ஜோடிகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு ஜோடியும் ஒரு வாய்ப்பு. ஆனால் “என் பிறந்தநாளில் இன்னொருவர் வேண்டும்” என்று தேதியை முன்பே முடிவு செய்துவிட்டால், அதே பாதி வாய்ப்புக்கு வேறு 253 பேர் தேவை. தற்செயலைப் பார்த்து நாம் மலைத்துப் போவது பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான்.

எல்லாமே தற்செயல் என்றும் சொல்லிவிட முடியாது. பொங்கலுக்குப் படம் வெளியிடுவது மனிதர் தேர்ந்தெடுத்த நாள். அப்பல்லோ 17 இறங்கிய நாளைச் சூரியன் தேர்ந்தெடுத்தது: இறங்கும் இடத்தில் வெயில் தாழ்வாகச் சாய்ந்து விழுந்தால்தான் பள்ளமும் பாறையும் நிழலோடு தெரியும். மாதத்தில் சில நாட்களே அதற்குத் தோதானவை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, தேதி என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுதான். அப்பல்லோ 17 தரை தொட்டபோது ஹூஸ்டனில் 11-ம் தேதி பிற்பகல். நெல்லையில் நள்ளிரவு தாண்டி ஏறக்குறைய 1.25 மணி, அதாவது டிசம்பர் 12. நம் கடிகாரப்படி அந்த விண்கலம் இறங்கியது பாரதி பிறந்தநாளில் அல்ல, ரஜினிகாந்த் பிறந்தநாளில்!

பாரதியின் மறைவிலும் இதே சிக்கல் உண்டு. 1921 செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு கடந்து அதிகாலை ஒன்றரை மணி அளவில் திருவல்லிக்கேணியில் அவர் உயிர் பிரிந்தது. நள்ளிரவில் நாளைத் தொடங்கும் ஆங்கிலக் கணக்குப்படி அது 12. பஞ்சாங்கத்தில் நாள் என்பது சூரிய உதயம் முதல் மறு உதயம் வரை; அந்தக் கணக்கில் ஒன்றரை மணி இன்னும் முந்தைய நாள்தான். 2021-ல் தமிழக அரசு மகாகவி நாளாக அறிவித்தது செப்டம்பர் 11-ஐ. இரண்டு தேதியையும் குறிப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இருவரிடமும் நியாயம் உண்டு.

பிறந்த தேதியும் நிலையாக நிற்பதில்லை. பாரதி பிறந்த அன்று தமிழ்த் தேதி கார்த்திகை 27. ஆனந்த் பிறந்த அன்று கார்த்திகை 26. ஆங்கில நாட்காட்டி பருவங்களைப் பின்பற்றுகிறது. தமிழ் மாதமோ நட்சத்திரங்களுக்கு நடுவே சூரியன் எந்த ராசியில் இருக்கிறது என்பதைப் பின்பற்றுகிறது. பூமியின் அச்சு ஏறக்குறைய 25,800 ஆண்டுகளுக்கு ஒருமுறை மெல்லத் தலையாட்டிச் சுற்றுவதால், நட்சத்திரக் கணக்கு ஆண்டு பருவ ஆண்டைவிடச் சுமார் 20 நிமிடம் நீளம். 72 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகிவிடும். அதனால் கார்த்திகை 27 இப்போது டிசம்பர் 12 அல்லது 13-ல் வருகிறது. வ.உ.சி., பாரதி காலத்தோடு ஒப்பிட்டால் நம் சித்திரை ஒன்றாம் தேதியும் இப்படித்தான் தள்ளி வந்திருக்கிறது.

திருநெல்வேலிச் சீமைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பழைய ஓலைகளில் காணும் கொல்லம் ஆண்டு (கேரளத்திலும் வழங்கும் ஆண்டுக் கணக்கு) இங்கே ஆவணியில் பிறக்கிறது. பாரதி பிறந்தது கொல்லம் 1058. வீட்டில் பழைய ஓலை இருப்பவர்கள் அதிலுள்ள கொல்லம் எண்ணோடு, ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரை என்றால் 824-ஐயும், அதற்குப் பின் ஆடி முடிய 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைத்துவிடும்.