ரத்தம் குடுத்த நாள் தெரியாம டெஸ்டோஸ்டிரோன் டோஸ மாத்தாதீங்க

ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆண் ஹார்மோன் ஊசிய போட்டுக்குற ஒருத்தர், வயசு 52, மூணு ரிப்போர்ட்ட மேஜை மேல வரிசையா வச்சார். ரத்தத்துல டெஸ்டோஸ்டிரோன் அளவு ஒண்ணுல 1,140, இன்னொண்ணுல 290, மூணாவதுல 560. மூணுமே நாலு மாசத்துக்குள்ள எடுத்தது, டோஸும் ஒண்ணேதான், 200 மில்லிகிராம். 1,140ஐ பாத்தவர் டோஸ பாதியாக்கணும்னாராம், 290ஐ பாத்த இன்னொருத்தர் கூட்டணும்னாராம், இவர் குழம்பிப்போய் பழைய டோஸையே போட்டுட்டு வந்துட்டார். "இதுல எது டாக்டர் என்னோட உண்மையான லெவல்?"ன்னு கேட்டார்.

மூணும் உண்மைதான். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், ஊசி போட்டு எத்தனாவது நாள் ரத்தம் குடுத்தீங்க? அவருக்கு ஞாபகம் இல்ல. ஊசி போட்ட தேதிய ஃபோன்ல தேடி எடுத்து ரிப்போர்ட் தேதியோட வச்சு ரெண்டு பேரும் உக்காந்து எண்ணினோம். 1,140 வந்தது மூணாவது நாள், 290 வந்தது பதினாலாவது நாள், அதாவது அடுத்த ஊசிக்கு கொஞ்சம் முன்னாடி, 560 வந்தது ஏழாவது நாள். எந்த ரிப்போர்ட்லயும் இந்த விவரம் இல்ல, லேப்ல யாரும் கேக்கவும் இல்ல.

இத எழுதணும்னு எனக்குத் தோணுனதுக்கு அதுதான் காரணம். டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சைல டோஸ் தப்பா மாறுறது பெரும்பாலும் மருந்து பத்தி தெரியாததால இல்ல, எந்த நாள் எடுத்த ரத்தம்னு தெரியாததாலதான்.

எனந்தேட், சிபியோனேட்னு ரெண்டு வகை ஊசி அதிகமா போடுறாங்க, ரெண்டும் எண்ணெய்ல கரைச்ச மருந்து. தசைக்குள்ள போய் தேங்கி நின்னு கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துல இறங்கும். ஆனா அது சீரா இறங்குறது கிடையாது, முதல் ரெண்டு மூணு நாள் இயல்பான அளவையும் தாண்டி மேல ஏறும், அப்புறம் இறங்க ஆரம்பிச்சு ரெண்டாவது வாரக் கடைசில நிறைய பேருக்கு மறுபடி குறைவான அளவுக்கே வந்துடும். அதனால உச்சத்துல எடுத்தாலும் அடிமட்டத்துல எடுத்தாலும் முடிவு பண்ண முடியாது. ரெண்டு ஊசிக்கு நடுவுல எடுக்கணும், ரெண்டு வார ஊசின்னா ஏழாவது நாள், வார ஊசின்னா மூணாவது நாலாவது நாள். ஹார்மோன் டாக்டர்களோட அமைப்பான எண்டோக்ரைன் சொசைட்டியோட 2018 வழிகாட்டுதல்ல, நடுவுல எடுத்த அளவு 600க்கு மேலயோ 350க்கு கீழயோ இருந்தா டோஸையோ இடைவெளியையோ மாத்துங்கன்னு இருக்கு. இதெல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை நானோகிராம்ங்கிற கணக்கு. சில லேப் நானோமோல்ல குடுப்பாங்க, அதுல 18னு வந்தா பயந்துடாதீங்க, அது கிட்டத்தட்ட 520 நானோகிராம்தான்.

அவரோட நடு நாள் அளவு 560, அப்போ மருந்து போதலன்னு சொல்ல வழியே இல்ல. ஆனா அவர் சொன்னத கேளுங்க. "முதல் பத்து நாள் ராஜா மாதிரி இருக்கேன் டாக்டர், அதுக்கப்புறம் வர்ற நாலு நாள் வீட்டுல யார் பேசுனாலும் எரிஞ்சு விழுறேன்." இந்த ஏற்ற இறக்கத்துக்கு டோஸ கூட்டினா உச்சம் இன்னும் மேல போகும், பள்ளம் பள்ளமாவேதான் இருக்கும். டோஸ குறைச்சா பள்ளம் இன்னும் ஆழமாகும். இவருக்கு மாத்த வேண்டியது இடைவெளி. ரெண்டு வாரத்துக்கு 200ன்னு இருக்கிறத வாரத்துக்கு 100ன்னு பிரிச்சாலே மொத்த மருந்து மாறாம உச்சம் இறங்கி பள்ளம் மேல வரும். என் அனுபவத்துல டோஸ் பத்தலன்னு வர்றவங்கள்ல நிறைய பேருக்கு இதுவே போதுமா இருக்கு.

நீண்ட நாள் வேலை செய்யுற அண்டெகனோயேட் ஊசி வேற மாதிரி. 1,000 மில்லிகிராம், ரெண்டாவது ஊசி ஆறு வாரத்துல, அதுக்கப்புறம் 10லேர்ந்து 14 வாரத்துக்கு ஒருக்கா. இதுக்கு அடுத்த ஊசிக்கு கொஞ்சம் முன்னாடி எடுக்குற அளவுதான் கணக்கு, மாத்துறதும் மில்லிகிராம இல்ல, வாரத்த. கடைசி வாரத்துல அளவு ரொம்ப கீழ போயிட்டா 14 வாரத்த 12 ஆக்குவோம்.

ஜெல் தடவுறவங்களுக்கு, குறைஞ்சது ஒரு வாரம் தொடர்ந்து தடவின பிறகு, தடவி 2லேர்ந்து 8 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும். இதுல ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. ஒருத்தருக்கு 1,900னு ரிப்போர்ட் வந்து அவர் ராத்திரியெல்லாம் தூங்கல, மாரடைப்பு வந்துடுமோன்னு பயந்துட்டார். எங்க தடவுறீங்க காட்டுங்கன்னேன். தோள்ல ஆரம்பிச்சு அப்படியே கைய வழிச்சுட்டு முழங்கை மடிப்பு வரைக்கும் கொண்டு வந்தார். ரத்தம் எடுத்ததும் அதே கைல, அதே மடிப்புல! தோல் மேல ஒட்டியிருந்த ஜெல் ஊசி குத்துன எடத்துல ரத்த சாம்பிளோட கலந்திருக்கு. தடவாத கையில மறுபடி எடுத்தப்போ 470. அந்த 1,900ஐ நம்பி டோஸ பாதியாக்கியிருந்தா ரெண்டு மாசத்துல மனுஷன் பழைய சோர்வுக்கே போயிருப்பார். ஜெல் போடுறவங்க இன்னொண்ணையும் மறக்காதீங்க, காயுற வரைக்கும் விட்டு அந்த எடத்த துணியால மூடுங்க, கைய சோப்பு போட்டு கழுவுங்க, தடவின தோள்ல குழந்தைய சாய்ச்சுக்காதீங்க. அப்படி ஒட்டுன மருந்தால சின்ன பிள்ளைங்களுக்கு நேரத்துக்கு முன்னாடியே பருவ மாற்றம் வந்திருக்கு, 2009ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதுக்குன்னே கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது.

முடிக்காகவும் நகத்துக்காகவும் பயோட்டின் மாத்திரை சாப்பிடுறவங்க ரத்தம் குடுக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, சில வகை மெஷின்ல அது டெஸ்டோஸ்டிரோன் அளவ பொய்யா கூட்டிக் காட்டும்.

இப்போ ஹீமட்டோகிரிட். டோஸ் பேச்சுல எனக்கு டெஸ்டோஸ்டிரோன் அளவ விட இதுமேலதான் கண்ணு இருக்கும். ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்ங்கிறதுதான் அது. டெஸ்டோஸ்டிரோன் எலும்பு மஜ்ஜைய தூண்டி விடும், இரும்புச்சத்த பூட்டி வைக்கிற ஹெப்சிடின குறைக்கும், அதனால சிவப்பணு கூடி ரத்தம் கெட்டியாகும். ஜெல்ல விட ஊசில இது அதிகம், ஏன்னா உச்சம் பெருசு. ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ, 3லேர்ந்து 6 மாசத்துல ஒரு தடவ, அப்புறம் வருஷத்துக்கு ஒருக்கா பாக்கணும். 54 சதவீதத்த தாண்டினா மருந்த நிறுத்தணும், கீழ வந்த பிறகு குறைஞ்ச டோஸ்ல ஆரம்பிக்கணும். நிறுத்துறதோட என் வேலை முடியாது, குறட்டை இருக்கா, தூக்கத்துல மூச்சு நிக்குதான்னு வீட்டுக்காரங்ககிட்ட கேப்பேன், சிகரெட் பத்தி கேப்பேன், ஏன்னா இதெல்லாமும் சிவப்பணுவ கூட்டும். சில பேர் ரத்ததானம் குடுத்து நம்பர இறக்கிட்டு அதே டோஸ தொடருறாங்க. தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க, காரணம் அப்படியே உள்ள இருக்கு, அடிக்கடி குடுத்தா இரும்புச்சத்தும் காலியாகும், அப்புறம் வர்ற சோர்வுக்கு மறுபடி டோஸ கூட்டுங்கன்னு என்கிட்டயே வந்து நிப்பாங்க.

புரோஸ்டேட் சுரப்பிக்கான ரத்த டெஸ்டான பிஎஸ்ஏவும் கூடவே பாக்கணும், முதல் ஒரு வருஷத்துல ஆரம்பத்துல இருந்தத விட 1.4க்கு மேல கூடினாலோ அளவு 4ஐ தாண்டுறது உறுதியானாலோ யூராலஜி டாக்டர பாத்துட்டுத்தான் அடுத்த ஊசி.

"என் ஃப்ரெண்டு 900ல இருக்கார், எனக்கு மட்டும் ஏன் 500?"ன்னு கேக்குறவங்க இப்போ ஜாஸ்தியாயிட்டாங்க. அவங்ககிட்ட நான் ட்ராவர்ஸ் ஆய்வ பத்தி சொல்லுவேன். இதய நோயோ அது வர்ற அபாயமோ இருந்த 5,200க்கும் மேற்பட்ட ஆண்கள்கிட்ட நடந்தது, 2023ல வெளிவந்தது, மாரடைப்பு பக்கவாதம் மாதிரி பெரிய ஆபத்துகள் மருந்தில்லாத டம்மி ஜெல் போட்டவங்கள விட கூடலன்னு காட்டுச்சு. இந்த வரிய மட்டும் எடுத்துக்கிட்டு எவ்வளவு வேணா போடலாம்னு பேசுறாங்க. ஆனா அதுல குடுத்தது ஜெல், அளவு 350லேர்ந்து 750க்குள்ள நிக்கிற மாதிரி டோஸ மாத்திக்கிட்டே இருந்தாங்க, ஹீமட்டோகிரிட் 54ஐ தாண்டினா குறைச்சாங்க. அவ்வளவு கவனமா பாத்துமே இதயத் துடிப்பு தாறுமாறாகுறதும், நுரையீரல்ல ரத்தக் கட்டியும், கிட்னி பாதிப்பும் கொஞ்சம் கூடத்தான் இருந்துச்சு. அந்த தைரியம் அந்த டோஸுக்கு மட்டும்தான், 1,200ல வச்சுக்கிட்டு இருக்கவங்களுக்கு அந்த ஆய்வு எந்த உத்தரவாதமும் குடுக்கல.

அவசரப்படாதீங்கன்னும் சொல்லணும். டோஸ் மாத்தின அடுத்த வாரமே டெஸ்ட் எடுத்துட்டு ஒண்ணும் மாறலன்னு வராதீங்க, வார ஊசி போடுறவங்கன்னா நான் ஆறு வாரம் விட்டுத்தான் எடுக்கச் சொல்லுவேன். தாம்பத்திய ஆசை திரும்புறது சில வாரத்துல தெரியும், தசை பலத்துக்கு மூணு நாலு மாசம் ஆகும், எலும்புக்கு அதுக்கும் மேல. அளவு சரியா வந்து ஆறு மாசம் ஆகியும் சோர்வு அப்படியே இருந்தா காரணம் வேற எங்கயோ இருக்கு, தூக்கம், சுகர், தைராய்டு, மன அழுத்தம்னு தேடணும், அங்க டோஸ கூட்டிக் கூட்டிப் பாக்குறது அந்த மனுஷனுக்கு பண்ற அநியாயம். அதே மாதிரி மார்பு லேசா வலிக்குது வீங்குதுன்னு சொன்ன உடனே ஈஸ்ட்ரோஜென அடக்குற மாத்திரைய சேக்குறதும் எனக்கு உடன்பாடு இல்ல, ஆண்களோட எலும்புக்கும் ஈஸ்ட்ரோஜென் வேணும், முதல்ல உச்சத்த இறக்கிப் பாக்கலாம்.

குழந்தை வேணும்னு நினைக்கிறவங்க இந்த ஒரு பத்திய கட்டாயம் படிங்க. வெளியிலேர்ந்து டெஸ்டோஸ்டிரோன் போனா விரைய வேலை செய்ய வைக்குற எல்எச், எஃப்எஸ்எச் ஹார்மோன்கள மூளை நிறுத்திடும், விந்தணு உற்பத்தி படுத்துடும், சில பேருக்கு பூஜ்யத்துக்கே போயிடும். டோஸ குறைச்சு இத சமாளிக்கலாம்னு நினைச்சுடாதீங்க, முடியாது. நிறுத்தினாலும் திரும்பி வர பல மாசம் ஆகும், சில பேருக்கு ஒரு வருஷத்துக்கும் மேல. கல்யாணமாகி ஒரு வருஷம் குழந்தை இல்லன்னு வர்றப்போதான், ரெண்டு வருஷமா ஊசி போடுறேன்னு சொல்றவங்கள பாத்திருக்கேன், பக்கத்துல உக்காந்திருக்க அந்தப் பொண்ணு அதுக்குள்ள எத்தனை டெஸ்ட் எடுத்திருக்கும்னு நினைச்சா மனசு கேக்காது. முன்னாடியே சொன்னா விந்தணு உற்பத்திய நிறுத்தாத எச்சிஜி ஹார்மோன் ஊசி மாதிரி வேற வழிகள் இருக்கு.

அந்த 52 வயசுக்காரருக்கு வருவோம். அவர் ஹீமட்டோகிரிட் 53ல இருந்துச்சு, அதனால வாரம் 100ன்னு பிரிக்காம 90ன்னு வச்சேன், தூக்கப் பரிசோதனைக்கும் அனுப்பினேன். மூணு மாசம் கழிச்சு மனைவியோட வந்தார். ரிப்போர்ட் மூலைல பேனாவால "ஊசி திங்கள், ரத்தம் வியாழன்"னு அவங்க கைப்பட எழுதியிருந்தாங்க. அளவு 540, ஹீமட்டோகிரிட் 50. அந்த எரிஞ்சு விழுற நாலு நாள் என்ன ஆச்சுன்னு கேட்டேன், அவர் வாயத் திறக்குறதுக்கு முன்னாடியே அவங்க "அது இப்போ இல்ல டாக்டர்"ன்னாங்க. டோஸ தொடல, அடுத்த ஹீமட்டோகிரிட்டுக்கு மூணு மாசம் கழிச்சு ஒரு வியாழக்கிழமை குறிச்சுக் குடுத்தேன்.