சுட்ட துணி சொல்லும் சேதி

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிந்ததும் மான் வேட்டைக்கு ஒரு தனிப் பருவம் வரும். சக்கிமுக்கிக் கல்லால் தீப்பற்றி, குழல்வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழைய வகைத் துப்பாக்கிக்கு மட்டுமே அதில் அனுமதி. அங்கே வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “மருந்தைக் கூட்டினால் மான் சட்டென்று விழும்தானே? அனுபவஸ்தர்கள் ஏன் குறைக்கச் சொல்கிறார்கள்?”

காற்றுதான் காரணம். உருண்டைக் குண்டு காற்றைக் கிழிப்பதில் படுமோசம். நொடிக்கு 550 மீட்டரில் கிளம்பினாலும் 100 கஜம் போவதற்குள் ஏறக்குறைய ஒலியின் வேகத்துக்கு இறங்கிவிடும். வேகம் கூடக் கூட எதிர்ப்பும் ஏறுவதால், கூடுதல் மருந்து தந்த வேகத்தில் பெரும்பகுதி வழியிலேயே கரைந்துபோகும். தோளில் உதை மட்டும் மிஞ்சும்.

சரி, எந்த அளவு நல்லது? அதைச் சொல்வது ஒரு துண்டுத் துணி. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அரை அங்குலக் குழலுக்கு 0.490 அங்குல ஈயக்குண்டு போடுவார்கள். அப்படியே போட்டால் தொளதொளவென்று உருளும். அதனால் 0.015 அங்குலத் தடிமனுள்ள பருத்தித் துணியில் எண்ணெயோ கொழுப்போ தடவி, குண்டைப் பொதிந்து இறக்குவார்கள். இரு பக்கத் துணியையும் சேர்த்தால் 0.520, குழலைவிடப் பெரிது! நசுங்கும் துணி, குழலுக்குள் வெட்டியுள்ள சுழல் பள்ளங்களில் பிதுங்கி நிற்கும். வெடிக்கும்போது புகை முந்திக்கொண்டு ஓடாமல் அடைப்பதும் துணிதான், பள்ளத்தின் சுழற்சியைக் குண்டுக்குக் கொடுப்பதும் துணிதான். ஈயம் இரும்பைத் தொடுவதே இல்லை. வெளியே வந்ததும் துணி விரிந்து, சற்றுத் தள்ளித் தரையில் விழும்.

அதைப் பொறுக்கி வந்து பாருங்கள். நடுவில் கரிந்த வட்டம், ஓரம் லேசாகப் பிரிந்திருந்தால் எல்லாம் சரி. ஓட்டை எரிந்திருந்தால் வாயு கசிந்திருக்கிறது. இன்னும் தடித்த துணியோ கூடுதல் மசகோ வேண்டும். வரிவரியாக வெட்டுப்பட்டிருந்தால் பள்ளங்களின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. “ராசியான அளவு” என்று வேட்டைக்காரர்கள் பேசுவதை நான் ஏற்பதில்லை. 50 கிரெயினில் (மருந்தை அளக்கும் சிறு அலகு) தொடங்கி, ஐந்தைந்தாகக் கூட்டி, துப்பாக்கி செய்தவர் சொன்ன உச்சவரம்பைத் தாண்டாமல், ஒவ்வோர் அளவிலும் சில குண்டுகள் சுட்டு, அவை எவ்வளவு நெருக்கமாகப் படுகின்றன, துணி எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மருந்தை மாற்றும்போது துணியை மாற்றக் கூடாது. பள்ளி ஆய்வகத்தில் இந்த ஒழுங்கை ஏன் இன்னும் அழுத்திச் சொல்லித் தருவதில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு குழலைத் துடைப்பதும் அவசியம். இதில் போடும் கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடக் கசடாகவே மிஞ்சும். அது படிந்த குழலில் அடுத்த குண்டின் இறுக்கமே வேறு. புகையில்லா நவீன மருந்தை மட்டும் ஒருபோதும் இதில் போடாதீர்கள், அதன் அழுத்தத்தில் குழலே வெடித்துவிடும்.