சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகும்போது

கோடை வந்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள நாணல் சதுப்புகளில் ரெட் பிஷப் ஆண் குருவிகள் பளிச்சென்று தெரியும். தூக்கணாங்குருவிக்கு உறவு, உடம்பு செக்கச்செவேல், முகமும் வயிறும் கறுப்பு. பச்சை நாணலில் உட்கார்ந்திருந்தால் ரோட்டிலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம். அதே காட்சியைக் கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றினால், பல சமயம் குருவி நாணலுக்குள் காணாமல் போய்விடும்.

காரணம் ஒரு எளிய கணக்கு. டிஜிட்டல் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு, பொதுவாக 0 முதல் 255 வரை. நம் கண்ணுக்குப் பச்சை ஒளிதான் அதிகப் பிரகாசமாகப் படும். நீலம் மிகக் குறைவு. அதனால் பரவலாகப் பயன்படும் ஒரு சூத்திரம் பச்சையில் 58.7 விழுக்காடு, சிவப்பில் 29.9, நீலத்தில் 11.4 என எடுத்துக் கூட்டிச் சாம்பல் நிறத்தை முடிவு செய்கிறது. குருவியின் மார்பில் ஒரு புள்ளி 210, 60, 20 என்று வைத்துக்கொள்வோம். விடை ஏறக்குறைய 100. நாணல் 90, 120, 50 என்றால் 103. கண்ணைப் பறித்த வேறுபாடு மூன்றே படிகளாகச் சுருங்கிவிட்டது.

சரி, குருவியை எப்படி மீட்பது? விகிதத்தை நாமே மாற்றலாம். சிவப்பை மட்டும் எடுத்தால் குருவி 210, நாணல் 90: இருண்ட பின்னணியில் ஒளிரும் பறவை. பச்சையை மட்டும் எடுத்தால் 60, 120: வெளிறிய நாணலில் கரிய உருவம். நான் முதலாவதையே எடுப்பேன். இரண்டாவதில் சிவந்த உடலும் கறுத்த முகமும் ஒட்டிக்கொண்டு, அந்தக் குருவிக்கே உரிய முகமூடி போய்விடும். ஃபிலிம் காலத்தில் லென்ஸ் முன்னால் சிவப்பு ஃபில்டர் மாட்டியதும் இதே வேலைக்குத்தான். நீல வானம் கறுக்கும், பறக்கும் உண்ணிக்கொக்கு வெள்ளையாக எடுத்து நிற்கும்.

ரா கோப்பாக (கேமரா பதிவுசெய்ததை மாற்றாமல் வைத்திருக்கும் மூலக் கோப்பு) எடுத்து, கேமராத் திரையை மட்டும் மோனோகுரோமில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நிறத் தகவலும் கோப்பில் பத்திரமாக இருக்கும். திரையிலோ சாம்பல் மட்டுமே. பறவை எங்கே கரைகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும், இரண்டடி தள்ளி நின்று பின்னணியை மாற்றலாம்.

அப்புறம் விளிம்புகள். விழித்திரையின் பல நரம்பணுக்கள் சீரான வெளிச்சத்தைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் இடத்தில்தான் துடிப்பாகச் செயல்படும். பூனையின் விழித்திரையை ஆராய்ந்து இதன் அடிப்படையை 1953இல் விளக்கியவர் ஸ்டீபன் கஃப்ளர். ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி காட்டில் வரிக்குதிரைக் கூட்டத்தை மொத்தமாகப் படமெடுத்தால் பார்வை அலைபாய்வது இதனால்தான்: எங்கு பார்த்தாலும் சம வலுவுள்ள விளிம்புகள். ஒரே ஒரு முகத்தை நெருக்கி எடுத்து, மற்றவற்றை ஃபோகஸுக்கு வெளியே தள்ளினால் பார்வை ஓரிடத்தில் நிற்கும்.

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதி வீட்டுப் புல்தரைகளில் விடிகாலையில் கத்தி எழுப்பிவிடும் ஹடீடாவுக்கு வேறு அணுகுமுறை வேண்டும். அரிவாள் மூக்கன் இனம் அது. இறக்கையில் மின்னும் பச்சையும் ஊதாவும் கறுப்பு வெள்ளையில் வெறும் வெளிர்த் திட்டாகிவிடும். அதை நம்பாமல் வளைந்த அலகை நம்பலாம். தரையோடு தரையாகப் படுத்து எடுத்தால், பின்னணி தொலைவுக்குப் போய் மங்கி, அலகின் வளைவு தனியாகத் தெரியும்.

காண்டாமிருகத்துக்கு இழக்க நிறமே இல்லை. அங்கே தோலின் மடிப்புகளும் உலர்ந்த சேறும்தான் படம். அவற்றைக் காட்டப் பக்கவாட்டு வெளிச்சம் தேவை. டர்பன் மகர ரேகைக்குத் தெற்கே இருப்பதால் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் வடக்குப் பக்கமே நிற்கும். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஜூன் மாத நண்பகலில்கூட அது சுமார் 37 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. அந்தக் குளிர்காலத்தில் புல் காய்ந்து வெளிறியிருக்கும், சாம்பல் உடல் அதன்மேல் தெளிவாக இருண்டு தெரியும். காண்டாமிருகம் எடுக்க நான் சொல்லும் மாதங்கள் ஜூனும் ஜூலையும்தான்.